ஸ்டார் ட்ரெக்கின் சொதப்பல் எபிசோடுகள்: தாண்டிப் போகலாமா, பார்த்தே தீர வேண்டுமா?

சிவப்புச்சட்டை எழுதியது:

போன தீபாவளி விடுமுறையில் ஏதோ வேகத்தில் ஒரு சபதம் எடுத்தேன். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரை 1966இல் வந்த முதல் எபிசோடிலிருந்து வரிசை மாறாமல், ஒன்றுகூட விடாமல் பார்ப்பது. பழைய தொடரின் 79 முடிந்தது. இப்போது பின்னால் வந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் ஏழாவது சீசனின் நடுவில் நிற்கிறேன். மொத்தம் 240ஐத் தாண்டியாயிற்று. என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கூர்க்காது சீரியல்'. ஹாலில் ஓடினால் அவர் அடுக்களைக்குப் போய்விடுவார்.

அடுத்து வருவது 'சப் ரோசா'. பெயரைக் கேட்டாலே ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள். டாக்டர் பெவர்லி க்ரஷர் பாட்டி வீட்டு மெழுகுவர்த்தியில் குடியிருக்கும் ஆவியைக் காதலிக்கிறாராம். சபதத்தை மீறித் தாண்டிவிடலாமா என்று கேட்கத்தான் இந்த இழை.

கேட்பதற்கு முன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை பார்த்த மோசமான எபிசோடுகள் எல்லாம் ஒரே மாதிரி மோசமில்லை. 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்' எடுத்துக்கொள்ளுங்கள். 1968, மூன்றாவது சீசனின் முதல் எபிசோடு. ஒரு பெண் கப்பலுக்குள் வந்து நின்று கைக்காப்பில் பொத்தானை அமுக்குகிறாள். எல்லோரும் மயங்கி விழுகிறார்கள். எழுந்து பார்த்தால் கப்பலின் கூர்க்காது அதிகாரி ஸ்பாக்கின் மூளையைக் காணோம்! உடம்பு மட்டும் படுக்கையில் பத்திரமாக இருக்கிறது. டாக்டர் மெக்காய் அந்த உடம்புக்கு ஒரு ரிமோட் செய்து, பொம்மைக் காரை ஓட்டுகிற மாதிரி நடத்திக் கூட்டிப்போகிறார். மூளை எங்கே என்றால், ஒரு நிலத்தடி ஊருக்குக் காற்றோட்டம் கொடுத்து, தண்ணீர் சுத்திகரித்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் அறுவை சிகிச்சை பாதியில் டாக்டருக்குக் கை நின்றுபோக, மேசையில் படுத்திருக்கும் நோயாளியே வழி சொல்கிறார். நான் சிரித்த சிரிப்பில் மனைவி வந்து எட்டிப் பார்த்தார். இதை மோசம் என்று திட்ட எனக்கு மனசே வரவில்லை.

'ஷேட்ஸ் ஆஃப் கிரே' வேறு ரகம். நெக்ஸ்ட் ஜெனரேஷன் இரண்டாவது சீசனின் கடைசி. கப்பலின் துணைத் தலைவர் ரைக்கர் காலில் முள் குத்தி மயக்கத்தில் கிடக்கிறார், நாம் பழைய எபிசோடுகளின் துண்டுக் காட்சிகளைப் பார்க்கிறோம். சீசனில் முன்னால் வந்த சில எபிசோடுகளில் பணம் எகிறிப்போனதால் இதை மூன்றே நாளில் எடுத்து முடித்தார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. மாசக் கடைசியில் வீட்டில் இருக்கிறதை வைத்துச் சமைத்த குழம்பு.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது 'கோட் ஆஃப் ஆனர்' பார்த்தபோதுதான். 1987. ஒரு கிரகம் முழுக்கக் கறுப்பின நடிகர்கள், பழைய ஹாலிவுட்டின் காட்டுவாசிப் படங்களை நினைவூட்டும் சித்தரிப்பு, அவர்கள் தலைவன் வெள்ளைக்காரப் பெண் அதிகாரியைக் கடத்துகிறான். படப்பிடிப்பின் நடுவிலேயே இயக்குநரை மாற்றினார்கள். ரைக்கராக நடித்த ஜொனாதன் ஃப்ரேக்ஸே பின்னாளில் அதை இனவெறி என்று வெளிப்படையாகத் திட்டினார். 1966லேயே உஹுரா என்ற கறுப்பினப் பெண்ணைக் கப்பலை இயக்கும் மேல்தளத்தில் அதிகாரியாக உட்காரவைத்த தொடர் இது. செட் ஆடினால், கதை கிறுக்கினால் பொறுத்துக்கொள்ளலாம். தான் எதற்காக நிற்கிறேன் என்பதையே மறந்துபோன எபிசோடை எப்படிப் பொறுப்பது?

---

பழைய_ஆண்டெனா எழுதியது:

தம்பி, முதலில் வாழ்த்து. நான் இதைப் பார்க்க ஆரம்பித்தது 80களில் தூர்தர்ஷனில், ஞாயிற்றுக்கிழமை காலையில். வசனம் பாதி புரியாது. ஸ்பாக் புருவத்தைத் தூக்கினால் போதும், எங்களுக்கு அதுவே கதை.

மூன்றாவது சீசனைப் பற்றி எல்லோரும் கேலி செய்கிறார்கள், அது எந்த நிலைமையில் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்துத் தொடரைக் காப்பாற்றினார்கள். ஒளிபரப்பிய என்பிசி சேனல் சரி என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தூக்கிப் போட்டது. இளவட்டம் வெளியே சுற்றுகிற நேரம் அது, யார் பார்ப்பார்கள்? தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி ஒதுங்கிக்கொண்டார், ஃப்ரெட் ஃப்ரைபெர்கர் தயாரிப்பை ஏற்றார், பட்ஜெட்டையும் குறைத்தார்கள். 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்' எழுதியவர் கத்துக்குட்டி இல்லை. முதல் இரண்டு சீசன்களைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவரான ஜீன் கூன். லீ க்ரோனின் என்ற புனைபெயரில் எழுதினார். சொந்தப் பெயரைப் போடவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்!

அதே காசில்லாத சீசனில்தான் 'ஸ்பெக்டர் ஆஃப் தி கன்' வந்தது. ஒரு கௌபாய் ஊர் வேண்டும், முழு ஊரைக் கட்டப் பணமில்லை. வெறும் முன்சுவர்களை மட்டும் நிறுத்தி, பின்னால் சிவப்பு வானத்தைக் காட்டினார்கள். கதையில் அது வேற்றுக்கிரகவாசிகள் கேப்டன் கர்க்கின் மனதிலிருந்து எடுத்து அரைகுறையாகக் கட்டிய ஊர். அதனால் சுவரில்லாத வீடு பார்க்கிறவனுக்குப் பயத்தைத்தான் கொடுத்தது. வறுமை அங்கே அழகாக மாறிவிட்டது.

உங்கள் மூன்றாவது வகைக்கு என் பங்கு: 'டர்ன்அபவுட் இன்ட்ரூடர்'. 1969 ஜூன் 3, பழைய தொடரின் கடைசி எபிசோடு. கேப்டனாக முடியாத ஏக்கத்தில் ஒரு பெண் கர்க்கின் உடம்புக்குள் கூடு பாய்கிறாள். உங்கள் கப்பல் கேப்டன்களின் உலகில் பெண்களுக்கு இடமில்லை என்று அவளே சொல்கிறாள், கர்க் அது அநியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிறார். அப்புறம் அந்த அநியாயத்தை அங்கேயே விட்டுவிட்டு, அவளைப் பைத்தியமாக்கிக் கதையை முடிக்கிறார்கள். 79 எபிசோடு ஓடிய தொடர் இப்படியா முடிய வேண்டும்?

---

அரைத்தூக்கம் எழுதியது:

'மூளை, மூளை! மூளை என்றால் என்ன?' என்று அந்தப் பெண் கேட்கும் வசனம் ஒன்றுக்காகவே 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்' சாகாவரம் பெற்றது. எங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் தினமும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

---

குவார்க்_கடை எழுதியது:

பட்ஜெட் பட்ஜெட் என்று எல்லாவற்றையும் மன்னிக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ட்ரெக்கின் இன்னொரு தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' முதல் சீசனில் இரண்டு எபிசோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஒன்று 'மூவ் அலாங் ஹோம்'. விருந்துக்கு வந்த அந்நியர்களை மதுக்கடைக்காரன் குவார்க் சூதாட்டத்தில் ஏமாற்றுகிறான். அவர்கள் பதிலுக்கு சிஸ்கோ, கிரா, டாக்ஸ், பஷீர் நால்வரையும் ஒரு பலகை விளையாட்டுக்குள் காய்களாக இறக்கிவிடுகிறார்கள். ஓர் அறையில் 'அல்லமரெய்ன்' என்று பாடிக்கொண்டே பாண்டி ஆடினால்தான் தப்பிக்கலாம். விண்வெளி நிலையத்தின் கமாண்டர் நொண்டியடிக்கிறார்! சரி, உயிர் போகிற ஆட்டம் என்றாவது நினைத்துப் பார்த்தால், கடைசியில் 'வெறும் விளையாட்டுத்தான், யாருக்கும் எந்த ஆபத்தும் இருக்கவில்லை' என்கிறார்கள். 45 நிமிடம் நம்மை வைத்து ஆடியிருக்கிறார்கள்.

இன்னொன்று 'டூயட்', அதே 1993. கிட்டத்தட்ட முழுக்கவே ஒரு சிறை அறை, இரண்டு பேர். மேஜர் கிரா, எதிரே அவள் கிரகத்தை ஆக்கிரமித்திருந்த கார்டாசியன் இனத்துக் கைதி ஒருவர். வதைமுகாம் தளபதி என்று நினைத்துப் பிடித்து வைத்திருக்கும் ஆள் உண்மையில் அங்கே வேலை பார்த்த ஒரு குமாஸ்தா. முகாமில் நடந்ததைத் தடுக்க முடியாத குற்றவுணர்ச்சியில், தன் நாடே விசாரணைக்கு வரட்டும் என்று தளபதியின் முகத்தை மாட்டிக்கொண்டு வந்தவர். ஹாரிஸ் யூலின் அந்தப் பாத்திரத்தில் உடைகிற இடத்தை நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன். இதற்கு என்ன செலவாகியிருக்கும்? நல்ல எழுத்தும் இரண்டு நடிகர்களும்.

அதனால் காசு கதை வேண்டாம். எழுத்தாளர் மேசையில் யாரோ ஒருவர் 'பாண்டி ஆட விடலாம்' என்று சொல்லியிருக்கிறார், மற்றவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

---

சிவப்புச்சட்டை எழுதியது:

குவார்க்_கடை, நான் இன்னும் 'டீப் ஸ்பேஸ் நைன்' பக்கமே போகவில்லை ஐயா! குமாஸ்தா விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டீர்களே. ஸ்பாய்லர் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

காசு மட்டும் காரணமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கையையும் பாருங்கள். அப்போது ஒரு சீசனுக்கு 26 எபிசோடுகள். ஒரு எபிசோடை ஏழெட்டு நாளில் எடுக்க வேண்டும், கதை இருக்கிறதோ இல்லையோ வாரம் பிறந்தால் கேமரா ஓட வேண்டும். 1988இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதனால் இரண்டாவது சீசன் 22 எபிசோடுகளாகச் சுருங்கியது. முதல் எபிசோடான 'தி சைல்ட்' கதையை, 70களில் எடுக்காமலே கைவிட்ட வேறொரு ட்ரெக் தொடரின் ஸ்கிரிப்டிலிருந்து எடுத்தார்கள். பரணில் இருந்த பழைய பாத்திரத்தை ஈயம் பூசி இறக்கின மாதிரி. அதே சீசனில்தான் டேட்டா என்ற இயந்திர அதிகாரி மனிதனா, பொருளா என்று கேட்கும் 'தி மெஷர் ஆஃப் எ மேன்' வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது வரும் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' சீசனுக்குப் பத்துதான். பத்தில் ஒன்று சொதப்பினால் சீசனே ஆட்டம் காண்கிறது. 26இல் நாலு சொதப்பினால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடிந்தது. எனக்கு அந்த ஊதாரித்தனம் பிடித்திருக்கிறது.

---

டெல்டா_வாசி எழுதியது:

யாரும் இன்னும் 'த்ரெஷோல்ட்' பற்றிப் பேசவில்லையே, என்ன இழை இது?

'வாயேஜர்' என்ற ட்ரெக் தொடரின் இரண்டாவது சீசன், 1996. கப்பலோட்டி டாம் பாரிஸ் வார்ப் 10 வேகத்தை எட்டுகிறார். எல்லையில்லா வேகம், அதாவது ஒரே சமயத்தில் பிரபஞ்சத்தின் எல்லா இடத்திலும் இருப்பது. திரும்பி வந்ததும் காபி ஒத்துக்கொள்ளவில்லை. சாகிறார், உயிர்க்கிறார், முடி கொட்டுகிறது, நாக்கு கழன்று விழுகிறது. பிறகு கேப்டன் ஜேன்வேயைத் தூக்கிக்கொண்டு பறந்துபோய், இரண்டு பேரும் சாலமாண்டர் மாதிரி ஒரு பிராணியாகி மூன்று குட்டி போடுகிறார்கள். கப்பல்காரர்கள் வந்து பெரியவர்களை மட்டும் கூட்டிப்போகிறார்கள். குட்டிகள் அந்தச் சேற்றிலேயே இருக்கின்றன. இன்றுவரை யாரும் போய் விசாரிக்கவில்லை.

எழுதிய பிரான்னன் ப்ராகாவே தலையில் அடித்துக்கொண்ட எபிசோடு. ஆனால் அதே எபிசோடு ஒப்பனைக்கு எம்மி விருது வாங்கியது! நான் வாயேஜர் கட்சி, ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கப்பல் பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டியிருக்கிறது. வீட்டுக்குப் போக 75 வருடம். வார்ப் 10இல் போனால் நொடியில் வீடு. பக்கவிளைவு பல்லியாவது, அதையும் டாக்டர் குணப்படுத்திவிட்டார். எல்லோரும் ஒரே தாவாகத் தாவி, பூமியில் பல்லியாக இறங்கி, ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே! இன்னும் ஐந்து சீசன் எதற்கு?

ஆனாலும் நான் அதை வெறுக்கவில்லை. முதல் இருபது நிமிடம் டாமாக நடித்த ராபர்ட் டங்கன் மெக்நீல் நிஜமாகவே பயமுறுத்துகிறார். பாதி வரை அது வேறு படம்.

---

உயிரியல்_டீச்சர் எழுதியது:

பல நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். பல்லி என்று சொன்னதும் கை துறுதுறுக்கிறது. சாலமாண்டர் பல்லி இல்லை, தவளையின் உறவுக்காரர். சரி, அது போகட்டும்.

'த்ரெஷோல்ட்' சொல்வது என்ன? டாம் வேகமாகப் 'பரிணாமம்' அடைந்து மனிதனின் எதிர்கால வடிவத்துக்குப் போய்விட்டாராம். பரிணாமத்துக்குப் போய்ச் சேரும் ஊர் என்று ஒன்று கிடையாது. தனி ஆள் பரிணாமம் அடைவதும் கிடையாது. ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடுகளில், அந்தந்தச் சூழலில் எது அதிகம் பிள்ளை பெற்றுத் தழைக்கிறதோ அது தலைமுறை தலைமுறையாகப் பரவுகிறது. அடுத்த ஸ்டேஷன் எது என்று முன்கூட்டியே எழுதிவைத்த ரயில் இல்லை அது. என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படி எழுதினால் சிவப்பு மையால் சுழிப்பேன்.

சிவப்புச்சட்டை, உங்களுக்கு 'சப் ரோசா'வுக்கு அப்புறம் ஐந்தாவதாக 'ஜெனிசிஸ்' வரும். அதில் இந்த ரயில் பின்னோக்கி ஓடுகிறது. கப்பலில் எல்லோரும் தங்கள் 'மூதாதை'களாக மாறுகிறார்கள். பார்க்லே சிலந்தியாகிறார். மனிதர்கள் சிலந்தியிலிருந்து வரவில்லை. நமக்கும் சிலந்திக்கும் பொதுவான மூதாதை 50 கோடி வருடங்களுக்கும் முந்தையது, அது சிலந்தி மாதிரி இருக்கவும் இல்லை. டேட்டாவின் பூனை உடும்பு மாதிரி இகுவானா ஆகிறது. பூனையின் மூதாதையும் இகுவானா இல்லை! மரபணுவில் புரதம் செய்யப் பயன்படாத இன்ட்ரான் பகுதிகளில் பழைய மிருகங்கள் தூங்கிக்கொண்டிருப்பதாக ஒரு விளக்கம் வேறு.

இவை இரண்டும் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. 'என்டர்பிரைஸ்' தொடரின் முதல் சீசனில் வரும் 'டியர் டாக்டர்' அப்படி இல்லை. ஒரு கிரகத்தில் இரண்டு இனங்கள். ஒன்றுக்கு மரபணு நோய், இருநூறு வருடத்தில் அழிந்துவிடும். டாக்டர் ஃப்ளாக்ஸ் மருந்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால், பரிணாமம் மற்ற இனத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, அதில் நாம் தலையிடக் கூடாது என்று கொடுக்க மறுக்கிறார். கேப்டன் ஆர்ச்சரும் தலையாட்டிவிட்டு, வலி குறைக்க ஏதோ கொடுத்துக் கிளம்புகிறார்.

மூன்றிலும் தவறு ஒன்றேதான். பரிணாமத்தை ஏதோ திட்டம் போட்டுப் படியேற்றும் சக்தி என்று நினைப்பது. முதல் இரண்டில் அதனால் ஒரு பிராணி பொம்மை கிடைத்தது. மூன்றாவதில் கோடிக்கணக்கானோரைச் சாக விட்டதற்கு அது நியாயமாகிவிட்டது, பின்னணியில் மென்மையான இசையோடு. நன்றாக எடுத்த எபிசோடு, நடிப்பும் அருமை. அதனால்தான் எனக்கு 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்' மேல் இல்லாத கோபம் இதன்மேல்.

---

பழைய_ஆண்டெனா எழுதியது:

டீச்சரம்மா, வகுப்புக்கு நன்றி. ஒரு சின்ன மறுப்பு. 'டியர் டாக்டர்' முதலில் எழுதப்பட்டபோது ஃப்ளாக்ஸ் மருந்து இருப்பதையே கேப்டனிடம் மறைத்துவிடுவதாக முடிவு இருந்தது. ஃப்ளாக்ஸாக நடித்த ஜான் பில்லிங்ஸ்லி இதைச் சொல்லியிருக்கிறார். சேனல்காரர்கள் கேப்டனும் டாக்டரும் ஒத்துப்போகட்டும் என்று மாற்றவைத்தார்கள். பழைய முடிவில் தப்பு ஒருவர் தலையில் விழுந்திருக்கும், பார்க்கிறவர்கள் அவரோடு சண்டை போட்டிருக்கலாம். மாற்றிய முடிவில் தொடரே அந்தத் தப்புக்குக் கையெழுத்துப் போடுகிறது.

---

உயிரியல்_டீச்சர் எழுதியது:

இதுதான் ஐயா வித்தியாசம். பாத்திரம் தவறு செய்யலாம், அது நாடகம். தவறு என்றே தெரியாமல் கதை கை தட்டினால்தான் பிரச்சினை.

---

டெல்டா_வாசி எழுதியது:

அப்படிப் பார்த்தால் 'டூவிக்ஸ்' எந்தப் பக்கம்? வாயேஜர் கப்பலின் டூவாக்கும் நீலிக்ஸும் ஆட்களை இடம் மாற்றும் டிரான்ஸ்போர்ட்டரில் கலந்து ஒரே ஆளாக வருகிறார்கள். அந்தப் புது ஆள் நல்லவர், வாழ ஆசைப்படுகிறார். ஜேன்வே அவரைப் பிரித்துப் பழைய இருவரையும் மீட்க முடிவெடுக்கிறார். அந்தப் புது ஆள் மேல்தளத்தில் நின்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சுகிறார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. டாக்டர் செய்ய மாட்டேன் என்கிறார். ஜேன்வே தானே பொத்தானை அமுக்குகிறார். வெளியே நடந்து வரும்போது அந்த முகத்தைப் பாருங்கள்.

சிலர் இதையும் மோசமான எபிசோடு என்று பட்டியல் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் வாயேஜரின் மிகச் சிறந்த ஐந்தில் ஒன்று. முடிவு சரியா என்று எங்கள் வீட்டில் அண்ணனும் நானும் இன்னமும் சண்டை போடுகிறோம்.

---

குவார்க்_கடை எழுதியது:

ஸ்பாய்லருக்கு மன்னிப்பு. டூயட்டை முடிவு தெரிந்தே பார்த்தாலும் தாங்கும், நம்புங்கள்.

பொத்தானை அமுக்கியது கொலை. நான் சொல்லிவிட்டேன்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

சம்பந்தமில்லாத ஒரு தகவல். 1986இல் வந்த நான்காவது ட்ரெக் படத்தில் ஒரு விண்கப்பலின் கேப்டனாக டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் கொஞ்ச நேரம் வருவார். சென்னைக்காரர் ஒருவர் கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. எனக்கு இது போதும், இனி எத்தனை எபிசோடு சொதப்பினாலும் மன்னிப்பு.

சிவப்புச்சட்டை, 'சப் ரோசா'வைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்கு அடுத்த எபிசோடு 'லோயர் டெக்ஸ்', கடைநிலை இளம் அதிகாரிகளின் கண்ணில் கப்பலைக் காட்டுவது. தொடரின் மிக நல்ல எபிசோடுகளில் ஒன்று. அதே அணி, ஒரே வார இடைவெளி. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தால் அந்த ஆச்சரியம் கிடைக்காது.

---

சிவப்புச்சட்டை எழுதியது:

பார்த்துவிட்டேன்.

பாட்டியின் சாவுக்கு வந்த டாக்டர் க்ரஷர், ஸ்காட்லாந்தைப் பார்த்துக் கட்டின ஊரில் பாட்டி வீட்டில் தங்குகிறார். டைரியைப் படித்தால் பாட்டிக்கு ஓர் இளம் காதலன் இருந்திருக்கிறான். அவன் பெயர் ரோனின். இந்தக் குடும்பத்துப் பெண்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்து ஆட்டுபவன், வாசம் மெழுகுவர்த்தியில். இடி, மூடுபனி, தானே திறக்கும் ஜன்னல், பூக்கள். செத்த பாட்டி எழுந்து மின்னல் விடுகிறார்! டாக்டர் வேலையையே ராஜினாமா செய்கிறார். எல்லாவற்றையும் மிகத் தீவிரமான முகத்தோடு எடுத்திருக்கிறார்கள். இயக்கியது அதே ஜொனாதன் ஃப்ரேக்ஸ்.

என் மூன்று வகையில் எதிலும் இதைப் போட முடியவில்லை. காசு இருந்திருக்கிறது, கிறுக்குத்தனம் நிறைய, கொஞ்சம் கோபமும் வந்தது. ஒரு பெண்ணை மயக்கி, அவளை வைத்தே உயிர் வாழும் ஒருவனை ரொம்ப நேரம் காதலனாகவே காட்டுகிறார்கள். ஆனால் கடைசியில் துப்பாக்கியை எடுத்து மெழுகுவர்த்தியைச் சுட்டது டாக்டரேதான், வேறு யாரும் வந்து காப்பாற்றவில்லை. அதனால் பாதி மன்னித்தேன்.

நான் சொல்ல வந்தது வேறு. பாட்டி எழுந்து உட்கார்ந்த சமயம் மனைவி துணி மடித்துக்கொண்டு ஹாலைக் கடந்தார். நின்றார். துணியோடு உட்கார்ந்தார். "இந்தம்மா பாட்டிக்கும் இவன்தானா?" என்று கேட்டார். எந்த எபிசோடுக்கும் கேட்காதவர், முதலிலிருந்து போடச் சொல்லி முழுசாகப் பார்த்தார். மறுநாள் இரவு அவரே வந்து, "டாக்டரம்மா கதை மிச்சம் இருக்கா?" என்றார். பெருமையோடு 'லோயர் டெக்ஸ்' போட்டேன். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார்.

'ஜெனிசிஸ்'ஸில் டாக்டரம்மா வருவாரா, யாராவது சொல்லுங்கள். அவரிடம் அதைச் சொல்லித்தான் அடுத்தடுத்து உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன்.

---

உயிரியல்_டீச்சர் எழுதியது:

கொஞ்ச நேரம்தான் வருவார், வோர்ஃப் என்ற அதிகாரி அவர் முகத்தில் விஷம் துப்பி அவரைப் படுக்க வைத்துவிடுவார். ஆனால் அந்த எபிசோடை இயக்கியதே டாக்டரம்மாவாக நடித்த கேட்ஸ் மெக்ஃபாடன்தான். அதைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். சிலந்தி பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.